மோட்டாருக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 9

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மூட மனசு வரவில்லையென்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். சாந்தாமணி அத்தையிடம் காட்டினால் ஊருக்கே சொல்லிவிடுவார். எங்கள் அப்பாவிடம் காட்டினால் கம்பெனிக்குச் சொல்லிவிடுவார். கம்பெனி போலீசுக்குச் சொல்லும். அப்புறம் எங்கள் அம்மா ஜெயிலில் இருப்பாள். நானும் அப்பாவும் சோறு வடிப்பது எப்படி என்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டிருப்போம்.

என் பெயர் மிருதுளா. பத்தாம் வகுப்பு. ஊர் தாராபுரம். அப்பா பெயர் சென்னியப்பன். இந்த வட்டாரத்தில் ரத்னமாலா மிக்ஸிக்கு அப்பா ஒருவர்தான் அங்கீகரிக்கப்பட்ட டீலர். வேறு யாரும் அந்த மிக்ஸியைத் தொடக்கூடாது. தொட்டால் வாரண்டி போய்விடும். டீலர் வட்டாரத்தில் யாராவது தொட்டால் டீலருக்கு ஏஜென்சியே போய்விடும். அப்பாவும் தூசி தட்டத்தான் திறக்கலாம், ரிப்பேர் பண்ணக்கூடாது. எது கெட்டாலும் மொத்த மோட்டாரையும் மாற்ற வேண்டும். அந்த மோட்டார் சென்னையிலிருந்து வரவேண்டும். அது வருவதற்குள் வீட்டில் மாவரைக்கப் பழைய ஆட்டுக்கல்லைத் தேடி எடுத்துவிடுவார்கள்.

மிக்ஸியின் அடியில் ஐந்து இதழ் பூப்போல ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைக் கழற்றும் திருப்புளி கம்பெனி கொடுத்தது. அப்பா அதைச் சாவிக்கொத்தோடு இடுப்பில் செருகியிருப்பார். குளிக்கும்போது மட்டும் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். ஏஜென்சி எடுத்தபோது கோயமுத்தூரில் ஒரு ஓட்டலில் எல்லா டீலர்களும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்களாம். மற்றவர்கள் அப்புறம் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள். அப்பா அந்த உறுதிமொழியை மனப்பாடமே செய்துவிட்டார்.

இன்று காலை பக்கத்து வீட்டுச் சாந்தாமணி அத்தை மிக்ஸியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டை ஒட்டியிருக்கும் எங்கள் கடைக்கு வந்தார். அத்தை வீட்டிலேயே இட்லி, சட்னி செய்து விற்பவர். மிக்ஸி நின்றால் வியாபாரமும் நின்றுவிடும்.

"ஏனுங்கண்ணா, உர்ருனு ஒரு சத்தம். அப்பறம் கப்புனு நின்னுபோச்சுங்க."

அப்பா அதைத் தொடக்கூட இல்லை. "சென்னைக்கு அனுப்போணும். அஞ்சாறு வாரமாகும்."

"அதுவரைக்கும் என்ற சட்னிக்கு என்னங்க பண்றது?"

"கம்பெனி வருத்தம் தெரிவிச்சுக்குது."

"கம்பெனி வருத்தத்தத் தொட்டுக்கிட்டு இட்லி திங்கறதுங்களா?" என்று கேட்டுவிட்டு அத்தை மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனார். தெருவுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுப் புறக்கடை வழியாகச் சமையலறைக்கு வந்தார்.

நான் காலாண்டுத் தேர்வுக்குப் படிக்க விடுமுறையில் இருந்தேன். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

அம்மா இட்லிச் சட்டியில் தண்ணீர் வைத்தாள். ஆவி வந்ததும் மிக்ஸியின் அடிப்பாகத்தை அதற்கு மேலே காட்டினாள். கம்பெனி ஒட்டிய சீல், பால் ஆடை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அதைத் தட்டில் பத்திரமாக வைத்தாள். பிறகு என் பல் விளக்கும் பிரஷ்ஷை எடுத்து, அதன் காம்பை அடுப்பில் உருக்கி, அந்தப் பூ ஸ்க்ரூவின் மேல் அழுத்திப் பிடித்தாள். ஆறியதும் திருகினாள். ஸ்க்ரூ வந்துவிட்டது.

உள்ளே ஒரு கரப்பான்பூச்சி செத்துக் கிடந்தது. ஒரு ஒயரும் விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான்.

"இதுக்கா அஞ்சு வாரம்?" என்றார் அத்தை.

"கரப்பான் சென்னைக்குப் போயிட்டு வரோணுமில்ல" என்றாள் அம்மா.

எல்லாம் மாட்டி, சீலை ஒட்டி, ஸ்விட்ச் போட்டதும் மிக்ஸி ஓடியது. அத்தை கைதட்டினார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பாகிட்ட மூச்சு விட்டா உன்ற வாயிலயும் சீல் ஒட்டிருவேன்" என்றாள்.




செப்டம்பர் 10

நேற்று ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டும்போது என் பிரஷ் காம்பு உடைந்து, அம்மா அப்பாவுடையதையும் உருக்கியிருந்தாள். "என்ற பிரஷ்ஷையும் காணோம்" என்றார் அப்பா. "எலி தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றாள் அம்மா. "எலி எப்ப இருந்து பல்லு வெளக்குது?" என்று கேட்டுவிட்டு விரலால் பல்பொடி போட்டுத் தேய்த்தார்.


செப்டம்பர் 14

இன்று எங்கள் வீட்டு மிக்ஸியே நின்றுவிட்டது. அதுவும் ரத்னமாலாதான். டீலர் வீட்டில் வேறு மிக்ஸி வைத்திருக்கக்கூடாது.

அப்பா இடுப்பில் திருப்புளி இருக்கிறது. எதிரில் மிக்ஸி இருக்கிறது. ஆனால் புகார் பதியாமல் தொடக்கூடாதாம். இலவச எண்ணுக்குப் போன் செய்து ஸ்பீக்கரைப் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொன்னது.

"நன்றிங்க" என்றார் அப்பா.

"அப்பா, அது பதிவு பண்ணின குரல்."

"இருக்கட்டும். மரியாதையாப் பேசுதல்ல."

புகார் பதிவானது. சற்று நேரத்தில் அப்பாவின் இன்னொரு போனுக்கு, டீலர் போனுக்கு, குறுஞ்செய்தி வந்தது. புதிய புகார். வாடிக்கையாளர் பெயர் சென்னியப்பன்.

அப்பா எழுந்து போய்க் கம்பெனி கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வாடிக்கையாளர் வீட்டுக்கு அந்தச் சட்டையோடுதான் போகவேண்டும். வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு அழைப்பு மணியை அடித்தார்.

அம்மா கதவைத் திறந்தாள். "யாருங்க?"

"வெளையாடாத, துளசி. ஓடிபி சொல்லு."

"ஓடிபி வீட்டுக்காரரு போனுக்கு வந்துருக்குமுங்க. அவுரு வெளிய போயிருக்காருங்க."

அப்பா ஒரு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் படித்து, இன்னொரு போனில் போட்டார். பிறகு சமையலறைக்கு வந்தார். குனிந்து மிக்ஸியைப் பார்த்தார். முகர்ந்தார். "மோட்டார் மாத்தோணும். அஞ்சாறு வாரமாகும். கம்பெனி..."

"வருத்தம் தெரிவிச்சுக்குதுங்களா?"

"ஆமா."

அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சிரிக்கவே இல்லை. நான்தான் புறக்கடைக்கு ஓடிப்போய்த் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து சிரித்தேன்.


செப்டம்பர் 15

காலையில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. அப்பா இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார். மிக்ஸி ஓடாத வீட்டில் சட்னி எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. அப்பாவுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் தோன்றவே தோன்றாது. பாவம்.


செப்டம்பர் 19

சாந்தாமணி அத்தை யாரிடமும் சொல்லவில்லையாம். ஆனால் இன்று மட்டும் பேக்கரிக்கார அக்கா, தபால்காரர் மனைவி, எங்கள் கணக்கு டீச்சரின் மாமியார் மூவரும் புறக்கடை வழியாக வந்துவிட்டார்கள். அம்மா வீட்டில் துணி தைப்பவள் என்பதால் எல்லோரும் மிக்ஸியை ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டு மேலே ஒரு சேலையை மூடிக் கொண்டுவந்தார்கள். அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது பேக்கரி அக்கா வெளியே போய்க்கொண்டிருந்தார்.

"பை கனமா இருக்கும்போல. தூக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார் அப்பா.

"வேண்டாமுங்க, ரெண்டு ஜாக்கெட்டுத்தானுங்க" என்று அந்த அக்கா ஒருபக்கமாகச் சாய்ந்தபடி நடந்தார்.

நான்தான் பக்கத்தில் நின்று ஸ்க்ரூக்களைத் தட்டில் வாங்கி வைக்கிறேன். அதனால் நானும் குற்றவாளிதான். எங்கள் வேலையில் ஒரு குறையும் கிடையாது. சீல் கிழியவில்லை. ஸ்க்ரூவில் கீறல் இல்லை. மூடும் முன்பு அம்மா சாமி படத்திலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்து மோட்டாருக்கு ஒரு பொட்டு வைப்பாள். கழற்றி மாட்டிய எதையும் பொட்டு வைக்காமல் ஓட்டக்கூடாது என்பாள். அப்பாவின் ஸ்கூட்டர், கிணற்று மோட்டார், எல்லாவற்றுக்கும் அவள்தான் வைப்பாள். மோதிர விரலால் வைத்து மேலே லேசாக இழுப்பாள். தீபம் எரிகிற மாதிரி ஒரு வால் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஒருவேளை அந்தப் பொட்டு எங்களைக் காப்பாற்றலாம்.


செப்டம்பர் 23

அறிவியல் தேர்வு. மின்மோட்டாரின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னார்கள். வரைந்து முடித்ததும் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்து நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டது. வாலோடு.

மேற்பார்வைக்கு வந்த டீச்சர் குனிந்து, "இது என்ன பாகம்?" என்றார்.

"மை சிந்திருச்சுங்க மிஸ்."

"மேல்நோக்கியா சிந்துச்சு?"




செப்டம்பர் 27

எல்லாம் முடிந்துவிட்டது.

பேக்கரி அக்கா வீட்டு மிக்ஸியின் ஜார் விரிசல் விட்டிருக்கிறது. அவர் வீட்டுக்காரர், நடந்தது எதுவும் தெரியாமல், ஜாரை மாற்றக் கடையில் கொடுத்திருக்கிறார். அப்பா விதிப்படி மிக்ஸியோடு சேர்த்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார். சென்னையில் திறந்து பார்த்திருக்கிறார்கள். இன்று அப்பாவுக்குக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. புகைப்படத்தோடு.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா அதைத் தமிழில் சொல்லிக்காட்டினார். உங்கள் வட்டாரத்தில் அங்கீகாரமற்ற நபர் ஒருவர் இயந்திரங்களைத் திறந்து பழுது பார்த்து வருகிறார். சீல், ஸ்க்ரூ எதிலும் தடயம் இல்லை. மிகவும் கைதேர்ந்தவர். ஆனால் உள்ளே சிவப்புப் பொடியால் ஒரு குறி விட்டுச் செல்கிறார். அவரைக் கண்டுபிடித்துத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஏஜென்சி ரத்து. அந்த நபர் மீது சட்டப்படி நடவடிக்கை. அடுத்த மாதம் பதினாறாம் தேதி அதிகாரி நேரில் வருவார்.

மிகவும் கைதேர்ந்தவர் என்பதை மட்டும் அப்பா இரண்டு தடவை சொன்னார்.

போனை எங்களிடம் காட்டினார். மோட்டாரின் மேல் பொட்டு. வாலோடு. பளிச்சென்று இருந்தது.

அம்மா ரசத்தை ஊற்றினாள். அப்பாவின் தட்டில் அல்ல, பக்கத்தில் தரையில்.


செப்டம்பர் 28

அப்பா திருடனைத் தேட ஆரம்பித்துவிட்டார். இன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் எலக்ட்ரீசியன் ராக்கியப்பனைக் கடைக்குக் கூப்பிட்டார். அவர் நெற்றி நிறையக் குங்குமம் வைப்பவர்.

"அண்ணா, நாஞ் சாமி கும்புடறது ஒரு குத்தமுங்களா?" என்று அவர் கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. "அந்த மிக்ஸி ஸ்க்ரூவத் திருகப் போயித்தான் என்ற கட்டை வெரலு நகமே போச்சு. என்னாலயெல்லாம் அதத் தொறக்க முடியாதுங்க. யாரோ பெரிய வேலைக்காரன்!"

"அப்படியா?" என்றார் அப்பா. அதைக் கேட்டு அவர் ஏன் மீசையைத் தடவிக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. திருடனைப் புகழ்ந்தால் கோபம்தானே வரவேண்டும்?

மதியம் சாந்தாமணி அத்தை வந்து என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். ஏஜென்சி எடுப்பதற்கு முன்பு, நான் பிறப்பதற்கும் முன்பு, அப்பா சாதாரண ரிப்பேர் கடைதான் வைத்திருந்தாராம். "உங்கொப்பன் கல்லாவுல உக்காந்து ஊர்நாயம் பேசுவாரு. காயில் கம்பி சுத்தறது, மோட்டார் மாட்டறது எல்லாம் உங்கம்மாதான். அந்தக் காலத்துல இவ கை பட்ட மிக்ஸின்னா மாமியாகாரிகூட எடுத்து அரைப்பா."

இது அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டால் என்ன ஆகும்? நல்லவேளை, அவருக்கு ஞாபகமறதி அதிகம்.

சாயங்காலம் அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். போனைப் பார்த்தார். ஸ்கூட்டரின் முன்விளக்கைப் பார்த்தார். அங்கே நேற்று வெள்ளிக்கிழமைக்கு அம்மா வைத்த பொட்டு இருந்தது. திரும்பவும் போனைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முன்விளக்கை நன்றாகத் துடைத்தார்.

தூசியாக இருந்திருக்கும்.


செப்டம்பர் 29

அம்மா புறக்கடைக் கதவைத் தாழ் போட்டுவிட்டாள். யார் வந்தாலும் திறக்கவில்லை. தபால்காரர் மனைவி மட்டும் வெளியிலிருந்து, "துளசிக்கா, நெசமாலுமே ஜாக்கெட் தைக்கத்தான் வந்தனுங்க" என்று அழாக்குறையாகச் சொன்னார். அப்படியும் திறக்கவில்லை.


அக்டோபர் 3

அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. கடை வாசலில் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்.

ஆயுதபூஜை சிறப்பு முகாம். உங்கள் ரத்னமாலா மிக்ஸியைக் கொண்டு வாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட டீலரால் திறந்து, தூசி தட்டி, உள்ளே பொட்டு வைத்து, புதிய சீல் ஒட்டித் தரப்படும். முற்றிலும் இலவசம்.

உள்ளே பொட்டு வைத்து!

"எதுக்குங்க உள்ள பொட்டு?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஆயுதபூசைக்கு அருவாளுக்கு வெக்கறோம், சைக்கிளுக்கு வெக்கறோம். மோட்டார் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் அப்பா. பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. பேப்பர் தலைகீழாக இருந்தது.

இது ஒரு பொறி என்று நான் நினைக்கிறேன். ஊரில் உள்ள எல்லா மிக்ஸியையும் திறந்து பார்த்து, எதில் ஏற்கெனவே பொட்டு இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போகிறார். அப்பா இவ்வளவு புத்திசாலி என்று எனக்கு இதுவரை தெரியாது. சாமி படத்துக்கு முன் ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். அப்புறம், அது போதாது என்று தோன்றி, மூன்றாக்கினேன்.


அக்டோபர் 11

ஆயுதபூஜை.

காலையிலிருந்து கடை வாசலில் வரிசை. ஊரிலுள்ள எல்லாப் பெண்களும் மிக்ஸியோடு வந்துவிட்டார்கள். இந்தத் தடவை கட்டைப்பை இல்லை, சேலை மூடவில்லை. சாந்தாமணி அத்தை மிக்ஸிக்கு மாலையே போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அப்பா கம்பெனித் திருப்புளியால் ஒவ்வொன்றாகத் திறந்தார். அத்தையின் மிக்ஸி வந்தது. திறந்தார். உள்ளே பழைய பொட்டு, வாலோடு, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். தூசி தட்டும் பிரஷ்ஷால் அதைத் தட்டிவிட்டு, "துளசி! இங்க வா" என்று கூப்பிட்டார்.

அவ்வளவுதான், பிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பொட்டு வெய்யி."

"நானுங்களா? நீங்களே வெய்யுங்க."

"பொம்பளைங்க கையில வெச்சாத்தான் லட்சணம்."

அம்மா குங்குமத்தைத் தொட்டாள். புத்திசாலித்தனமாக, வட்டமாக, வாலில்லாமல், ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பொட்டு வைத்தாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு உயிர் வந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். துண்டின் நுனியால் அதைத் துடைத்தார்.

"இதென்ன, தபால் முத்திரையாட்டம்? எப்பவும் வெக்கற மாதிரி வெய்யி, துளசி."

அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் வந்துவிட்டது. குங்குமம் பட்டிருக்கும். முந்தானையால் துடைத்துக்கொண்டு, மோதிர விரலைத் தொட்டு, பொட்டு வைத்து, மேலே இழுத்தாள்.

"ம்" என்றார் அப்பா. "அடுத்தது."

பொழுது சாயும்வரை வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் தபால்காரர் மனைவி ஒரு இஸ்திரிப் பெட்டியை நீட்டினார். அது வேறு கம்பெனியுடையது. "அதுக்கு எனக்கு அங்கீகாரம் இல்லீங்க" என்றார் அப்பா. "வெளியில வேணும்னா பொட்டு வெச்சுத் தரச் சொல்றேன்."

அப்பாவுக்கு இன்னும் ஒன்றுமே தெரியவில்லை. அந்தப் பழைய பொட்டை அவர் தூசி என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் பதினாறாம் தேதி வரப்போகிறவருக்குக் கண் தெரியுமே.


அக்டோபர் 16

அதிகாரி வந்துவிட்டார். பெயர் மோகன்ராம். சென்னைக்காரர். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் வெயில். நான் தலைவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகவில்லை. பொய்யில்லை, நிஜமாகவே வலித்தது. கடைக்குள் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றேன்.

தெருவிலுள்ள வீடுகளிலிருந்து மிக்ஸிகளை வரவழைத்தார். தன் திருப்புளியால் ஒன்றைத் திறந்தார். பொட்டு. இன்னொன்றைத் திறந்தார். பொட்டு. அடுத்தது. பொட்டு. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சார் இது? எல்லாத்துலயும் இருக்கு!"

"அது நம்ம சர்வீஸ் முறைங்க சார்" என்றார் அப்பா. "தூசி தட்டறது, பொட்டு வெக்கறது, சீல் ஒட்டறது."

"முகாம் இந்த மாசம்தானே நடந்திருக்கு? போட்டோவுல இருக்கிற மெஷின் போன மாசமே எங்ககிட்ட வந்திடுச்சே?"

நான் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்பா வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. பேருந்தில் என் வயதைக் கேட்டால் எத்தனை மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

அப்பா தொண்டையைச் செருமினார். காது சிவந்தது. "நான்... எப்பவுமே வெக்கறதுதானுங்க சார்."

"எப்பவுமேன்னா?"

"ஏஜென்சி எடுத்ததுல இருந்துங்க."

"சிஸ்டத்துல ஒரு இடத்துலகூட பதிவு இல்லையே?"

"பொட்டு வெச்சதையெல்லாம் யாருங்க சார் பதிவு பண்ணுவாங்க?"

அப்போது சாந்தாமணி அத்தை முன்னால் வந்தார். அழைக்காமல்தான் வந்தார். "ஆமாங்க தம்பி, எப்பவுமே வெப்பாருங்க. என்ற மிக்ஸிக்கு நாலு வருசமா பொட்டு இருக்குதுங்க."

அதிகாரி டேப்லெட்டைப் பார்த்தார். "நீங்க மிக்ஸி வாங்கியே ரெண்டு வருஷம்தாம்மா ஆகுது."

அத்தை அசரவில்லை. "அதாங்க சொல்றேன். பெட்டியப் பிரிக்கும்போதே பொட்டோடதாங்க இருந்துச்சு!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி டேப்லெட்டைக் கீழே வைத்தார். அத்தை, பேக்கரி அக்கா, கணக்கு டீச்சரின் மாமியார், அப்பா என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்தாள். மோரை வாங்கும்போது அவர் அம்மாவின் விரலைப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. மோதிர விரல் நுனி எப்போதும் கொஞ்சம் சிவப்பாகத்தான் இருக்கும், கழுவினாலும் போகாது.

மோரைக் குடித்து முடித்தார். "மேடம், இவ்ளோ நாளா இந்த ஊர்ல ஒரு மெஷினுக்குக்கூட திரும்பத் திரும்பப் புகார் வந்ததில்ல. தெரியுமா?" என்றார்.

"எனக்கென்னங்க தெரியும்? நான் ஜாக்கெட் தைக்கறவ" என்றாள் அம்மா.

பொட்டுகளைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன எழுதப்போகிறார் என்று சொல்லவில்லை.


அக்டோபர் 17

அப்பா காலையில் கோயிலுக்குப் போய் ரொம்ப நேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்ததும் அம்மா அவருக்குப் புது பிரஷ் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் சண்டை மாதிரியும் இல்லை.


அக்டோபர் 30

கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. ஏஜென்சி போகவில்லை! அம்மாவுக்கு ஜெயில் இல்லை!

அதற்குமேல் நடந்ததுதான் நம்ப முடியவில்லை. அப்பா சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிக்காட்டினார். தாராபுரம் டீலர் பின்பற்றும் பொட்டு முறை வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறச் சிறந்த வழி. இனி மாநிலம் முழுவதும் இது நடைமுறைக்கு வரும். இதற்கெனக் கம்பெனியே தயாரித்த பொட்டு ஸ்டிக்கர்கள் டீலர்களுக்கு அனுப்பப்படும். அதில் கம்பெனி முத்திரை மின்னும். கம்பெனிப் பொட்டு அல்லாத வேறு எந்தப் பொட்டு உள்ளே காணப்பட்டாலும் வாரண்டி செல்லாது.

"அங்கீகரிக்கப்பட்ட பொட்டு" என்று அப்பா நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். பிறகு பார்த்தால் மூக்கில் சோறு ஏறும் அளவுக்குச் சிரிக்கிறாள். அப்பா முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. அப்பா இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

நான் சிரிக்கவில்லை. யாராவது ஒருத்தர் பொறுப்பாக இருக்க வேண்டுமே.


நவம்பர் 2

நேற்று மதியம் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. எழுந்து நின்று பேசினார். "சொல்லுங்க மோகன்ராம் சார்... சரிங்க... வீட்டம்மாவோடதுங்களா? அப்படியா, அஞ்சு வாரமுன்னு உங்களுக்கே சொல்லிட்டாங்களா... ச்சே ச்சே, சிஸ்டத்துல போட மாட்டனுங்க... புரியுதுங்க சார். சரிங்க. சொல்லிர்றேன்."

யாரிடம் என்ன சொல்லப்போகிறாரோ தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டதற்கு, "பெரியவங்க பேசறதக் கவனிக்காத" என்றார்.

இன்று சாயங்காலம் சென்னை பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அப்பாவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எடுத்துவந்தார். கடைக்குக் கொண்டுபோகவில்லை. நேராகச் சமையலறைக்குக் கொண்டுவந்து அம்மா முன்னால் மேடையில் வைத்தார். பிரித்தால் உள்ளே ஒரு ரத்னமாலா மிக்ஸி. அப்பா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி, அதன் பக்கத்தில் வைத்தார். திருப்புளியோடு.

அம்மா திருப்புளியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "ஸ்டிக்கர் ஒட்டறதுங்களா, குங்குமமா?" என்று கேட்டாள்.

"அவுரு குங்குமந்தான் கேட்டாரு" என்றார் அப்பா.

பொட்டு வைக்க மட்டும் சென்னையிலிருந்து மிக்ஸியை அனுப்புவார்களா? பெரிய அதிகாரிகள் அப்படித்தான் போலிருக்கிறது. எப்படியோ, அப்பாவுக்கு எதுவும் தெரியாமலே எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இனி நான் இந்த நோட்டில் எழுத வேண்டியதில்லை. நாளைக்கே கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். நான் சொல்லாதவரை அப்பாவுக்குத் தெரிய வழியே இல்லை.

என்னைத் தூங்கப் போகச் சொல்லிவிட்டார்கள். சமையலறையில் இன்னும் விளக்கு எரிகிறது. இட்லிச் சட்டியின் மூடி சத்தம் கேட்கிறது. இந்த நேரத்தில் யார் இட்லி சாப்பிடப் போகிறார்கள்? இரண்டு பேரும் கிசுகிசுவென்று பேசுகிறார்கள். நடுநடுவே சிரிப்பு. இப்போது பேச்சு நின்றுவிட்டது. யாரோ நடந்து வருகிறார்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

"மிருது, எந்திரி. உங்கம்மாவுக்கு ஸ்க்ரூவத் தட்டுல வாங்கி வெக்கறது நீதானாமா. எனக்கு அது சரியா வரலியாம், திட்டறா."

அப்பாவுக்கு எப்படித் தெ...